பதினொரு மீட்டர் குறைவு

அரசாணையின் மூன்றாம் பக்கத்தில் தொகை இருந்தது,
எண்ணாலும் எழுத்தாலும்.
பாதை எங்கே இருக்கிறதென்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதைத் தேடித்தான் வாலாஜா ரோட்டில் இறங்கினேன்.
முப்பது மீட்டர் டேப், அரை மூட்டைச் சுண்ணாம்பு,
அளவுப் புத்தகம்,
டேப்பின் மறுமுனையில் நாகபூஷணம்.

முதல் கிலோமீட்டர் முழுக்கச் சீமைக்கருவேலம்.
வெட்ட வெட்ட முள், முள்ளுக்கடியில் இரும்பு,
இடுப்பில் 1911 என்று அச்சு.
சுத்தியலால் தட்டினேன்.
அடுத்த புதரிலிருந்து கௌதாரி எழுந்து பறந்தது.

அப்புறம் தோல் ஷெட்டுகளின் கழிவுநீர்
அறுத்துக்கொண்டு போன மேடு.
கட்டைகள் நீலம் பாரித்துக் கிடந்தன.
நான் துப்பட்டாவால் மூக்கை மூடினேன்.
நாகபூஷணம் மூடவில்லை,
"சம்பள நாள் வாசனை மேடம்" என்றான்.

கால்வாய்ப் பாலத்தை இடிக்கக் கூடாது, பழுது பார்க்க வேண்டும்:
பத்தி ஏழு, உட்பிரிவு ஆ.
செங்கல் வளைவுக்குள் வௌவால்கள்
ஆணையைப் படித்தவை போல
அசையாமல் தொங்கின.

கெங்கையம்மன் கோயில்
தடத்துக்கு நாலடி தள்ளியே இருந்தது.
அம்மனுக்கு அளவு தெரிந்திருக்கிறது.
பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் தெரியவில்லை.
அன்வர் பாஷா தானே வந்து சுண்ணாம்புக்கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்து
"மூணு நாள் டைம் குடுங்க" என்றார்.
இரண்டாம் நாளே காலி.

நான்கு புள்ளி இரண்டில்
இடப்பக்கத் தண்டவாளம் நின்றுபோனது.
வலது மட்டும் தனியே நடந்தது.
பதினொரு மீட்டர் தாண்டி
இடதும் வந்து சேர்ந்துகொண்டது,
ஒன்றுக்குப் போய்வந்தவன் போல.

தேட வேண்டியிருக்கவில்லை.
தபித்தாள் வீட்டுக் கூரையில் இருந்தது,
இரண்டு சுவர் தாண்டி ஆட்டுக்கொட்டகை வரை உத்தரமாக,
ஒரு வெட்டுக்கூட விழாமல்.
கொக்கியில் ஃபேன். ஃபேனுக்குப் பக்கத்தில் ரேஷன் பை.

"ரயிலு நின்னு ஏழு வருஷம் பாத்தோம்" என்றாள்.
"எட்டாம் வருஷம் மழையில ஓடு போச்சு.
எட்டு பேர் தூக்கியாந்தோம்.
இன்னா, கேஸா?"

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"உங்க ரயில்ல ஆளு ஏறலாமா?"
ஏறாது, சரக்கு மட்டும். உரம், சிமென்ட், நெல்.
"எம்மவன் லாரி ஷெட்ல மூட்டை எடுக்கறான்,
மூட்டைக்கு எட்டு ரூபா.
ரயிலு மூட்டைக்கு எவ்ளோ?"

அதற்கும்
ஆணையில் பக்கம் இல்லை.

பழைய இரும்பு மொத்தமும் ஏலத்துக்குப் போனது,
கிலோ முப்பத்தெட்டுக்கு.
ஏற்றிப் போன லாரி
சிப்காட் திருப்பத்தில் குடை சாய்ந்து
அரை நாள் போக்குவரத்து நின்றது.
ரயில் வேண்டும் என்பதற்கு
அதைவிட நல்ல அறிக்கையை நான் எழுதியதில்லை.

அளவுப் புத்தகம், பக்கம் அறுபத்திரண்டு.
கணக்குப்படி இருக்க வேண்டியது, கிடைத்தது,
குறைவு: பதினொரு மீட்டர்.
காரணம் என்ற கட்டத்தில்
காணவில்லை என்று எழுதப் போனேன்.
கண்டேனே.
துருவேறிச் சிதைந்தது? ஆட்டுக்குக்கூடத் தெரியும்.
பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.
பிறகு எழுதினேன்:
பயன்பாட்டில் உள்ளது.

ஆடியில் முதல் வண்டி வந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி யூரியா,
மணிக்கு இருபதுக்கு மேல் போகக் கூடாதென்ற பலகையை
டிரைவர் மதித்தார்.
மாலை போட வந்தவர்கள் தப்பான முனையில் காத்திருந்தார்கள்.
புதுத் தண்டவாளம் இன்னும் கன்றிப்போன சிவப்பு,
முதல் சக்கரம் போன இடத்தில் மட்டும்
ஒரு விரல் அகலம் வெள்ளி.

தபித்தாள் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தாள்.
"மேடம், கரண்டே இல்ல,
ஃபேன் ஆடுது பாருங்க."

மூட்டைக்கு ஒன்பதே கால் என்று முடிவானது,
பதினாறு நாள் இழுத்து.
அவள் மகன் சேர்ந்தான்.
அவனோடு கேட்ட நாலு பேருக்கு இடமில்லை,
அவர்கள் இன்னும் லாரி ஷெட்டில்தான்.

தணிக்கையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
'யாருடைய பயன்பாட்டில்?'
நினைவூட்டு எண் இரண்டு.
மேசைமேல் இருக்கிறது,
பறக்காமலிருக்க
டேப்பை மேலே வைத்திருக்கிறேன்.